யார் காதால் கேட்பது? மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் சொல்லுக்குப் பொருள் காணும் விதம்

வெற்றிலை காய்கறியா? 1961-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் இந்தக் கேள்வி வந்தது. மத்திய மாகாண, பெரார் விற்பனை வரிச் சட்டம் ‘வெஜிடபிள்’ என்ற வகைக்கு வரிவிலக்கு தந்திருந்தது. ஆங்கில அகராதியில் அந்தச் சொல்லின் பொருள் விரிவானது. மண்ணில் முளைக்கும் எதையும் அதற்குள் அடக்கிவிடலாம். அப்படியானால் வெற்றிலைக்கும் விலக்கு உண்டு என்பது வணிகரின் வாதம். நீதிமன்றம் அகராதியை ஓரமாக வைத்துவிட்டது. தோட்டத்தில் விளைந்து சாப்பாட்டுக்கு வருவதைத்தான் மக்கள் அந்தச் சொல்லால் குறிக்கிறார்கள், வெற்றிலை அதில் சேராது என்று தீர்ப்பளித்தது. அந்தச் சட்டத்தின் பட்டியலில் வெற்றிலைக்கென்று முன்பு தனிப் பதிவு ஒன்று இருந்து, பின்னர் நீக்கப்பட்டிருந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று சட்டமன்றம் கருதியிருந்தால் தனித்தனியே எழுதியிருக்காது என்பதும் ஒரு காரணமாயிற்று.

விசாரணை நீதிமன்றம் ஆளைப் பார்க்கிறது. மேல்முறையீட்டு நீதிமன்றம் தாளைப் பார்க்கிறது. சாட்சி கூண்டில் நின்று தடுமாறியதையும் வியர்த்ததையும் மேலே இருப்பவர்கள் காணவில்லை. ஆகவே சாட்சியின் நடத்தையை வைத்துக் கீழ் நீதிமன்றம் எடுத்த முடிவில் எளிதில் கைவைப்பதில்லை. ஆனால் ஒரு சட்டப் பிரிவுக்கோ பத்திரத்துக்கோ என்ன பொருள் என்பது சட்டக் கேள்வி. அதில் கீழே சொன்னது மேலே இருப்பவர்களைக் கட்டாது. அதனால்தான் சொல்லின் பொருள் பற்றிய சண்டைகள் கடைசியில் உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் வந்து முடிகின்றன.

சட்டக் கல்லூரிகளில் இதை ‘எழுத்தா, நோக்கமா’ என்ற இரு கட்சிகளின் வழக்காகச் சொல்லித் தருவார்கள். தீர்ப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. ஒவ்வொரு முறையும் நீதிமன்றம், வெளியே சொன்னாலும் சொல்லாவிட்டாலும், ஒரு கேட்பவரைத் தேர்ந்தெடுக்கிறது. இந்தச் சொல் யார் காதில் எப்படி விழும் என்று கேட்டு, அவர் கேட்டதையே பொருளாக அறிவிக்கிறது. கேட்பவர் மாறினால் பொருளும் மாறிவிடும்.

மூன்று பழைய விதிகள்

ஆங்கிலச் சட்ட மரபிலிருந்து நமக்கு வந்த விதிகள் மூன்று. சொல்லுக்கு நேர்ப்பொருள் கொள் என்பது முதலாவது. நேர்ப்பொருள் அபத்தத்தில் முடிந்தால் அந்த அளவுக்கு மட்டும் விலகு என்பது இரண்டாவது. எந்தக் கேட்டைப் போக்கச் சட்டம் வந்ததோ அதை மனத்தில் வைத்துப் படி என்பது மூன்றாவது. 1584-இல் இங்கிலாந்தின் ஹெய்டன் வழக்கில் உருவான இந்த மூன்றாவது விதியை, 1955-இல் பெங்கால் இம்யூனிட்டி வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் கையாண்டது.

நேர்ப்பொருளை மட்டுமே பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் 1868-ஆம் ஆண்டு வைட்லி வழக்கை இன்றும் காட்டுகிறார்கள். வாக்குரிமை உள்ள ஒருவராக ஆள்மாறாட்டம் செய்வது குற்றம் என்றது சட்டம். குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துபோன ஒருவரின் பெயரில் வாக்களித்திருந்தார். இறந்தவருக்கு வாக்குரிமை கிடையாது. ஆகவே குற்றமும் இல்லை என்று அவர் தப்பினார்.

துணை விதிகளும் பல உண்டு. ஒரு சொல்லின் பொருளை அதன் பக்கத்தில் நிற்கும் சொற்களைக் கொண்டு அறிவது ஒன்று. ஆண்பாற் சொல் பெண்ணையும் குறிக்கும் என்ற 1897-ஆம் ஆண்டுப் பொதுக் கூறுகள் சட்டத்தின் ஏற்பாடு இன்னொன்று. நாடாளுமன்றப் பேச்சைப் பொருள் காணப் பயன்படுத்தலாமா என்பதில் தொடக்கத்தில் நீதிமன்றம் தயங்கியது. 1981-இல் வர்கீஸ் வழக்கில், மசோதாவைக் கொண்டுவந்த அமைச்சரின் உரையைப் பார்க்கலாம் என்று இறங்கிவந்தது. ஆனால் எந்த விதியை எப்போது எடுப்பது என்று சொல்லும் விதி எதுவும் இல்லை. அந்த இடைவெளியில்தான் கேட்பவர் நுழைகிறார்.

சந்தைக்காரரின் காது

வரிச் சட்டங்களில் கேட்பவரை அடையாளம் காண்பது எளிது. அந்தப் பொருளை வாங்கி விற்பவர்களும் பயன்படுத்துபவர்களும் அதை எப்படி அழைக்கிறார்களோ அதுவே பொருள். வெற்றிலை வழக்குக்குப் பின் 1962-இல் கரும்பு காய்கறி இல்லை என்றாயிற்று. 1977-இல் பச்சை இஞ்சி காய்கறிதான் என்றாயிற்று. 1985-இல் தமிழ்நாட்டிலிருந்து தேங்காய் போனது. இளநீரும் கொப்பரையும் அல்லாத, முற்றிய தேங்காய் புதுப்பழமா, காய்கறியா என்பது கேள்வி. பழக்கடையில் பழம் கேட்பவருக்கு யாரும் தேங்காயை எடுத்துத் தருவதில்லை, காய்கறிக் கடையிலும் அப்படியே. இரண்டிலும் சேராது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதே மரத்தின் எண்ணெய் இன்னும் நீண்ட வழக்கானது. சேலம் மத்திய கலால் ஆணையர் தொடுத்த மேல்முறையீடு அது. சிறு பொட்டலங்களில் விற்கும் தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா, தலைக்குத் தடவும் எண்ணெயா? கூந்தல் எண்ணெய் என்றால் வரி கூடும். 2018-இல் இரு நீதிபதிகள் அமர்வு பிளவுபட்டது: ரஞ்சன் கோகோய் சமையல் எண்ணெய் என்றார், ஆர். பானுமதி சிறு பொட்டலங்களில் வருவது கூந்தல் எண்ணெய் என்றார். 2024 டிசம்பர் 18 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு, பொட்டலம் சிறியது என்பதாலேயே அது கூந்தல் எண்ணெய் ஆகிவிடாது என்று முடித்துவைத்தது. சமையல் எண்ணெயும் சிறு அளவில் விற்கிறது. கூந்தல் எண்ணெய் என்று உறையில் எழுதி, அதற்குரிய வகையில் விற்றால்தான் அந்த வகை.

சந்தைக்காரரின் காது எப்போதும் ஒன்றையே கேட்பதில்லை என்பதற்கும் இதே வழக்கு சான்று. தென்னிந்தியாவில் ஒரே புட்டி அடுக்களைக்கும் போகும், கண்ணாடி மேசைக்கும் போகும். இப்படிக் குழப்பம் நீடிக்கும்போது நீதிமன்றம் கேட்பவரை விட்டுவிட்டு, சந்தேகத்தின் பலன் யாருக்கு என்று கேட்கிறது. 2018-இல் திலீப் குமார் வழக்கில் ஐவர் அமர்வு கோடு கிழித்தது: வரி விதிக்கும் பிரிவில் ஐயம் இருந்தால் பலன் வரி கட்டுபவருக்கு, விலக்கு தரும் அறிவிப்பில் ஐயம் இருந்தால் பலன் அரசுக்கு.

தண்டனைச் சட்டத்தின் முன் நிற்பவர்

தண்டனைச் சட்டத்தில் பழைய மரபு குற்றம் சாட்டப்பட்டவரின் பக்கம் நிற்கும். ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் சொல், அவருக்கு முன்கூட்டியே புரிந்திருக்க வேண்டிய சொல். 1954-இல் தோலாராம் வழக்கில், இன்னும் கட்டி முடிக்காத கட்டடத்தைப் பின்னால் வாடகைக்குத் தருவதாக ஒப்பந்தம் போட்டு முன்பணம் வாங்கியவர் தப்பினார். குத்தகை ‘வழங்குவது’ தொடர்பாகப் பணம் வாங்குவதைத்தான் பம்பாய் வாடகைச் சட்டம் தடுத்திருந்தது. வழங்குவதாக ஒப்புக்கொள்வது வழங்குவதாகாது. இரண்டு பொருள் கொள்ள இடமிருந்தால் தண்டனையிலிருந்து விடுவிப்பதையே எடு என்பது தீர்ப்பின் சாரம்.

இந்த மரபு குழந்தைகள் பாதுகாப்புச் சட்டமான போக்சோவில் வந்து முட்டியது. 2021 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை, ஆடைக்கு மேல் தொட்டதை 7-ஆம் பிரிவின் கீழ் வரும் பாலியல் தாக்குதலாகக் கொள்ள முடியாது என்றது. தோலோடு தோல் படவில்லை என்பது அதன் காரணம். தண்டனை கடுமையாக இருக்கும்போது சொல்லை இறுக்கமாகப் படிக்க வேண்டும் என்ற பழைய விதியே அதற்கு ஆதாரம். அப்படியானால் கையுறை போட்டுக்கொண்டு தொடுபவரும் தப்பிவிடுவாரே என்று மேல்முறையீட்டில் அட்டர்னி ஜெனரல் கேட்டார். அதே ஆண்டு நவம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. பிரிவின் உயிர்நிலை பாலியல் நோக்கம். தொடுதல் தோல் மீதா, துணி மீதா என்பது அதற்கு வெளியே.

இங்கே நீதிமன்றம் கேட்பவரை மாற்றிக்கொண்டது. தோலாராம் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரின் காது. இங்கே குழந்தையின் உடல். முடிவு சரி என்பதில் எனக்கு ஐயமில்லை. ‘தொடுதல்’ என்ற சாதாரணச் சொல் துணியை விலக்குவதாக எந்தக் குடிமகனுக்கும் கேட்காது. ஆகவே குற்றம் சாட்டப்பட்டவரின் காதால் கேட்டாலும் இதே முடிவு வந்திருக்கும். உயர் நீதிமன்றம் படித்தது சொல்லில் இல்லாத ஒரு நிபந்தனையை. இறுக்கமாகப் படிப்பது என்றால் இருப்பதை மட்டும் படிப்பது. இல்லாததைச் சேர்ப்பது எந்தத் திசையில் நடந்தாலும் சேர்ப்புதான்.

சாகிறவரின் சொல், பிடிபட்டவரின் சொல்

சட்டத்தின் சொல்லை எழுதியவர்கள் நேரம் எடுத்துத் திருத்தி எழுதினார்கள். வாக்குமூலத்தின் சொல் அப்படிப் பிறப்பதில்லை. மருத்துவமனைக் கட்டிலிலும் காவல் நிலையத்திலும் சொல்லப்பட்டு, வேறொருவர் கையால் எழுதப்பட்டு, சில ஆண்டுகள் கழித்து நீதிபதிகளின் மேசைக்கு வருகிறது.

1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, இறந்துபோனவர் தன் மரணத்தின் காரணம் பற்றிச் சொன்னதைச் சாட்சியமாக ஏற்றது. 1885-இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் முன் வந்த அப்துல்லா வழக்கில், கழுத்து அறுபட்ட பெண்ணால் பேச முடியவில்லை. கேள்விகளுக்குக் கையை அசைத்தே பதில் தந்தாள். சொல்லே இல்லாத இடத்தில் சொல்லால் ஆன கூற்று உண்டா? கேள்வியையும் சைகையையும் சேர்த்துப் படித்தால் உண்டு என்றது பெரும்பான்மை; நீதிபதி மஹ்மூத் மாறுபட்டார். 1930-களில் இலங்கையிலிருந்து பிரிவி கவுன்சிலுக்குப் போன சந்திரசேகர வழக்கிலும் அறுபட்ட கழுத்தும் தலையசைப்பும்தான். அங்கும் சைகை கூற்றாக ஏற்கப்பட்டது.

மரண வாக்குமூலத்துக்கு வேறு சான்று துணை நின்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு குருசாமித் தேவர் வழக்கில் சொன்னதை, பின்னர் குஷால் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2002-இல் லட்சுமண் வழக்கில், தெளிந்த நினைவோடு இருந்தார் என்ற மருத்துவரின் சான்றிதழ் இல்லை என்பதற்காக மட்டும் அதைத் தள்ளிவிட முடியாது என்றும் ஆயிற்று. சடங்கு குறையலாம், பதிவு செய்தவர் அவர் சொன்னதைத்தான் எழுதினாரா என்ற கேள்வி குறையக்கூடாது.

குற்றம் சாட்டப்பட்டவர் சொன்னதில் நிலைமை தலைகீழ். காவல் அதிகாரியிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலத்தை நிரூபிக்கக்கூடாது என்றது சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு. அடி, மிரட்டல் பற்றிய அனுபவம் சட்டத்துக்குள்ளேயே எழுதப்பட்ட இடம் இது. ஆனால் 27-ஆம் பிரிவு ஒரு சன்னலைத் திறந்தது: அவர் சொன்னதால் ஏதாவது கண்டுபிடிக்கப்பட்டால், அதோடு தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். சென்னை மாகாணத்திலிருந்து போய் 1946 டிசம்பரில் தீர்ப்பான புலுக்குரி கோட்டய்யா வழக்கில் பிரிவி கவுன்சில் இந்தச் சன்னலின் அளவைக் குறித்தது. கூரையில் செருகிய கத்தியை எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அந்த இடம் அவருக்குத் தெரியும் என்பது செல்லும். அந்தக் கத்தியால்தான் குத்தினேன் என்ற தொடர்ச்சி செல்லாது. ஒரே வாக்கியம் நடுவில் வெட்டுப்பட்டு, பாதி சாட்சியமாகவும் பாதி சொல்லப்படாததாகவும் ஆகிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்‌ஷ்ய அதினியத்தின் 23-ஆம் பிரிவிலும் இதே வெட்டு தொடர்கிறது.

ஒப்புதல் என்றால் என்ன? 1939-இல் பகல நாராயண சாமி வழக்கில் அட்கின் பிரபு விடை தந்தார்: குற்றத்தையோ, குற்றத்தை உருவாக்கும் உண்மைகள் கிட்டத்தட்ட அனைத்தையுமோ ஏற்றுக்கொள்வதுதான் ஒப்புதல், சந்தேகத்தைக் கிளப்பும் ஒரு விவரத்தை ஏற்பது ஒப்புதல் ஆகாது. 1960-களில் ஒருவர் தனக்குத்தானே முணுமுணுத்ததை அக்கம்பக்கத்தார் கேட்ட வழக்கு வந்தது. கேட்க ஆள் இல்லாமல் சொன்னதும் ஒப்புதலாகலாம். ஆனால் சொன்ன சொற்கள் தெளிவாக நிரூபிக்கப்பட வேண்டும், துணைச் சான்றும் தேடுவது நல்லது என்றது உச்ச நீதிமன்றம். முணுமுணுப்பின் முன்னும் பின்னும் இருந்தது காதில் விழாமல் போயிருந்தால் பொருளே மாறியிருக்கும்.

சட்டச் சொல்லும் வாக்குமூலமும் ஒரே வழக்கில் மோதியது தமிழ்நாட்டிலிருந்து போன தூஃபான் சிங் வழக்கில். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 67-ஆம் பிரிவின் கீழ் அதிகாரிகள் பதிவு செய்த வாக்குமூலம் மட்டுமே பல தண்டனைகளுக்கு அடித்தளமாக இருந்தது. அந்த அதிகாரிகள் சீருடைக் காவலர்கள் இல்லை. ஆகவே சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின் தடை அவர்களுக்குப் பொருந்தாது என்று 2008-இல் ஒரு தீர்ப்பு வந்திருந்தது. 2020 அக்டோபர் 29 அன்று மூவர் அமர்வு இருவர் பெரும்பான்மையில் அதை மாற்றியது. ‘காவல் அதிகாரி’ என்ற சொல்லை, எதிரே உட்கார்ந்திருப்பவரின் நிலையிலிருந்து அது படித்தது. குற்றத்தை விசாரிக்கும் முழு அதிகாரம் ஒருவரிடம் இருந்தால் பதவிப் பெயர் என்னவாக இருந்தாலும் அவர் காவல் அதிகாரியே. நீதிபதி இந்திரா பானர்ஜி மாறுபட்டு, பதவியின் பெயரையும் சட்டத்தின் அமைப்பையும் பிடித்துக்கொண்டார்.

மேடைப் பேச்சும் அச்சில் வந்த கருத்தும்

பொதுவெளியில் சொன்ன சொல்லுக்கு வேறொரு காது தேவைப்படுகிறது. 2005-இல் நடிகை குஷ்பு ஓர் இதழின் ஆய்வுக்காகத் திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றிக் கருத்துச் சொன்னார். தமிழ்நாடெங்கும் புகார்கள் குவிந்தன. அவற்றை ரத்து செய்ய உயர் நீதிமன்றம் மறுத்தது. 2010 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் 23 புகார்களையும் ரத்து செய்தது. அவர் சொன்னதை முழுமையாகப் படித்தால் அது ஒரு பொதுக் கருத்து. குறிப்பிட்ட நபரையோ அடையாளம் காணக்கூடிய குழுவையோ குறிவைக்கவில்லை. ஆகவே அவதூறும் இல்லை. புகார் கொடுத்தவரின் காதில் அது எப்படி ஒலித்தது என்பது அளவுகோலாக எடுக்கப்படவில்லை.

இட ஒதுக்கீட்டை விமர்சித்த ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தின் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. 1989-இல் ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மீட்டுத் தந்தது. வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறிபோல் பேச்சுக்கும் ஆபத்துக்கும் நெருக்கம் இருக்க வேண்டும் என்று அது விதித்த அளவுகோலைப் பல வழக்கறிஞர்கள் இன்றும் மனப்பாடமாகச் சொல்வார்கள். 1995-இல் பல்வந்த் சிங் வழக்கில், இந்திரா காந்தி கொல்லப்பட்ட அன்று சண்டிகரில் பிரிவினை முழக்கத்தை ஓரிரு முறை எழுப்பிய இருவர் விடுவிக்கப்பட்டார்கள். முழக்கத்தின் சொல் கடுமையானது. ஆனால் தெருவில் யாரும் அசையவில்லை. 2025 மார்ச் 28 அன்று மாநிலங்களவை உறுப்பினர் இம்ரான் பிரதாப்கடி பகிர்ந்த கவிதை பற்றிய வழக்கில், திடமான மனமுள்ள நியாயமான மனிதரின் காதால் கேட்க வேண்டும், எதைக் கேட்டாலும் பதறுபவரின் காதால் அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கவிதையை ஒருமுறை நிதானமாகப் படித்திருந்தால் முதல் தகவல் அறிக்கையே தேவைப்பட்டிருக்காது.

காது கிடைக்காத இடம்

அரசியல் சாசனத்தில் சந்தைக்காரர் இல்லை, கூண்டில் நிற்பவரும் இல்லை. இங்கே நீதிமன்றம் தன் காதையே நம்ப வேண்டியிருக்கிறது, ஆபத்தும் இங்கேதான். நீதிபதி நியமனத்தில் தலைமை நீதிபதியைக் குடியரசுத் தலைவர் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது 124-ஆம் பிரிவு. அது போதாது, அவரது இசைவு வேண்டும் என்று சென்னை உறுப்பினர் போக்கர் சாகிப் 1949 மே 24 அன்று அரசியல் நிர்ணய சபையில் திருத்தம் கொண்டுவந்தார். தலைமை நீதிபதியும் குறைகள் உள்ள மனிதர்தான், அவருக்குத் தடுப்பதிகாரம் தருவது ஆபத்து என்று அம்பேத்கர் மறுத்தார். 1981-இல் குப்தா வழக்கில் கலந்தாலோசனை இசைவாகாது என்ற நீதிமன்றம், 1993-இல் ஒன்பது பேர் அமர்வில் அது ஏறக்குறைய இசைவே என்றது. எழுதியவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய பொருள் படித்தவர்கள் வழியாக உள்ளே வந்தது. நீதித்துறையின் சுதந்திரம் என்ற காரணம் வலுவானதே. ஆனால் அந்தச் சொல்லால் அதிகாரம் பெற்றவர்கள் அதைப் படித்தவர்களே.

மாறாக, 2025-இல் நீதிமன்றம் தன் காதைத் தானே சோதித்துக்கொண்டது. மசோதாவை ஆளுநர் ‘இயன்றவரை விரைவில்’ திருப்பி அனுப்ப வேண்டும் என்கிறது 200-ஆம் பிரிவின் முதல் வரம்பு. தமிழ்நாடு அரசின் வழக்கில் ஏப்ரல் 8 அன்று இருவர் அமர்வு அதற்கு ஒரு மாதம், மூன்று மாதம் என்று கெடு குறித்து, 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருதியது. குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டபோது, நவம்பர் 20 அன்று ஐவர் அமர்வு, சாசனத்தில் இல்லாத கெடுவை நீதிமன்றம் எழுதிச் சேர்க்க முடியாது, கருதப்பட்ட ஒப்புதலும் கிடையாது என்றது. காரணமில்லாத நீண்ட மௌனத்தை மட்டும் ஓரளவு ஆராயலாம் என்று விட்டுவைத்தது. முதல் தீர்ப்பு ‘விரைவில்’ என்ற சொல்லுக்கு எண் கொடுத்தது. இரண்டாவது அந்தச் சொல்லை எண்ணின்றியே விட்டது. காத்திருக்கும் சட்டமன்றத்தின் காதில் அந்தச் சொல் எப்படி விழும் என்ற கேள்விக்கு இன்னும் முழு விடை இல்லை.

எங்கே கூடுதல் கவனம் வேண்டும்

இந்த வரிசையிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. தான் யார் காதால் கேட்கிறது என்பதையும், ஏன் அவர் என்பதையும் தீர்ப்பு வெளிப்படையாகச் சொன்ன இடங்களில் அது நிலைத்திருக்கிறது. வெற்றிலை வழக்கும் கோட்டய்யா வழக்கும் பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் மேற்கோளாகின்றன. கேட்பவரை மறைத்துவிட்டு ‘சொல்லின் இயல்பான பொருள்’ என்று மட்டும் சொன்ன இடங்களில், அடுத்த அமர்வு அதே இயல்பான பொருளை வேறாகக் காண்கிறது.

இன்னொரு வேறுபாடு பேசப்படுவதில்லை. சட்டத்தை நீதிமன்றம் தவறாகப் படித்ததாக நாடாளுமன்றம் நினைத்தால் மறுமொழி சொல்ல அதற்கு வழி உண்டு. 2012 ஜனவரியில் ஒரு வரி வழக்கில் வோடஃபோன் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. சில மாதங்களில் நிதிச் சட்டம் மூலம் வருமான வரிச் சட்டம் முன்தேதியிட்டுத் திருத்தப்பட்டது. 2021-இல் அந்தத் திருத்தத்தின் பலனும் விலக்கிக்கொள்ளப்பட்டது. சரியோ தவறோ, சட்டச் சொல்லுக்கு ஒரு திருத்துபவர் இருக்கிறார். வாக்குமூலத்துக்கு அப்படி யாரும் இல்லை. காவலர் எழுதி, சொன்னவர் கையொப்பமிடாத ஒரு கூற்றை உச்ச நீதிமன்றம் தவறாகப் படித்தால், சீராய்வு மனு போன்ற குறுகிய வாசல்களைத் தவிர வேறு வழியில்லை. மரண வாக்குமூலமாக இருந்தால் சொன்னவரே இல்லை. ஆனாலும் தீர்ப்புகளில் பிரிவுகளின் பொருளுக்குப் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்கப்படுகிறது. கேட்ட கேள்வி என்ன, எழுதியவர் யார், சொன்னவரின் பேச்சுமொழியில் அந்தத் தொடர் எப்படி வரும் என்பவை சில வரிகளில் முடிந்துவிடுகின்றன. இந்த விகிதம் மாற வேண்டும். சட்டத்தை எழுதியவர்களால் இன்னொரு முறை எழுத முடியும். வாக்குமூலம் தந்தவருக்கு அந்த வாய்ப்பு இல்லை என்பதால், அவருடைய சொல்லைப் படிக்கும்போதுதான் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதிக நேரம் எடுத்துக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறது.